செல்லுக்குச் சாயமா, டேபிளுக்கு ஸ்டைலா? எக்செல் கேள்வி-பதில்

இந்த இதழில் எக்செல் டேபிளின் (விவரப் பட்டியலை 'டேபிள்' என்ற அமைப்பாக மாற்றியது) தோற்றம் பற்றிய கேள்விகள் மட்டும். பதில்கள் விண்டோஸில் ஓடும் எக்செல் 2016 முதல் 365 வரை பொருந்தும். மெனுப் பெயர்களைத் திரையில் படிக்கும் ஒலியிலேயே தந்திருக்கிறோம். ஃபார்முலாவில் வரும் ஃபங்ஷன் பெயரையும் நெடுவரிசை எழுத்தையும் நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். 'டேபிள் டிசைன்' என்று நாங்கள் சொல்லும் டேப் (திரையின் மேலே உள்ள மெனுத் தாவல்), பழைய பதிப்புகளில் 'டேபிள் டூல்ஸ்' என்பதன் கீழே வெறும் 'டிசைன்' என்று இருக்கும். கர்சர் டேபிளுக்குள் இருந்தால்தான் அது தலைகாட்டும்.

கேள்வி: 'டேபிள் ஸ்டைல்ஸ்' பட்டியலில் எதைச் சொடுக்கினாலும் தலைப்பு வரிசை மட்டும்தான் மாறுகிறது. உள்ளே இருக்கும் வரிசைகள் பழைய மஞ்சளிலேயே நிற்கின்றன. ஏன்?
– துணிக்கடைக் கணக்காளர், ஈரோடு

அந்த மஞ்சளை யாரோ கையால் பூசியிருக்கிறார்கள். அதுதான் காரணம்.

எக்செல்லில் ஒரு செல்லின் தோற்றம் மூன்று அடுக்காக அமைகிறது. அடியில் இருப்பது டேபிள் ஸ்டைல். அதற்கு மேலே, 'ஹோம்' டேபில் பெயின்ட் வாளியை எடுத்து நீங்கள் நேரடியாகப் பூசும் நிறம், போடும் கோடு, எழுத்து நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதாவது நிபந்தனை பொருந்தும் செல்லுக்கு மட்டும் எக்செல் தானாகப் போடும் தோற்றம். மேல் அடுக்கில் ஒன்று இருந்தால் கீழ் அடுக்கில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் டேபிளிலும் ஸ்டைல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. மஞ்சள் அதை மறைக்கிறது.

தீர்வு: தலைப்பு தவிர்த்த வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள். 'ஹோம்' டேபில் பெயின்ட் வாளிக்குப் பக்கத்து அம்பை அழுத்தி 'நோ ஃபில்', எழுத்து நிறத்தில் 'ஆட்டோமேட்டிக்', கோடுகளில் 'நோ பார்டர்' கொடுங்கள். அடியில் இருக்கும் ஸ்டைல் உடனே தெரியும். வெள்ளை நிறம் பூசுவது 'நோ ஃபில்' ஆகாது. வெள்ளையும் ஒரு சாயம்தான், அதுவும் ஸ்டைலை மறைக்கும்.

இதைவிடச் சுருக்கமான வழி என்று சிலர் 'கிளியர் ஃபார்மேட்ஸ்' கொடுப்பார்கள். அது எண் வடிவத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். தேதி இருந்த இடத்தில் 45292 என்பது போல ஓர் எண் நிற்கும் (1-1-2024 என்ற தேதியை எக்செல் உள்ளுக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறது). விவரம் தொலைந்துவிடவில்லை, மறுபடி தேதி வடிவம் கொடுத்தால் திரும்பிவிடும். ஆனாலும் பத்து நெடுவரிசை இருந்தால் பத்துக்கும் திரும்ப வடிவம் கொடுக்க வேண்டிய வீண் வேலை.

தமிழ் விவரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பெயர்ப் பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், செல்லுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு மாறிய நிமிடமே பெயர்கள் எல்லாம் ஆங்கிலக் குழப்பமாகிவிடும். அத்தகைய ஃபைலில் 'கிளியர் ஃபார்மேட்ஸ்' பக்கமே போகாதீர்கள். ஃபில்டர் அம்பைத் திறந்தால் விழும் பட்டியலிலும் இதே குழப்பம்தான் தெரியும், ஏனென்றால் அந்தப் பட்டியலுக்கு எக்செல் தன் சொந்த எழுத்துருவைத்தான் எடுத்துக்கொள்கிறது. தோற்றத்தை மெருகேற்றும் முன் அந்த நெடுவரிசைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் நிறம் கரும்பச்சையும் இளம்பொன்னும். எக்செல் தரும் ஸ்டைல்களில் அந்த ஜோடி இல்லை. சொந்தமாக ஒன்று செய்து, எல்லா ஃபைலிலும் வருமாறு வைக்க முடியுமா?
– ஏற்றுமதி நிறுவன அலுவலர், கரூர்

முடியும். ஆனால் 'எல்லா ஃபைலிலும்' என்பதில்தான் சிக்கல். அதைக் கடைசியில் பார்ப்போம்.

எக்செல் கூடவே வரும் 60 ஸ்டைல்களைத் திருத்த முடியாது, நகலெடுக்கத்தான் முடியும். 'டேபிள் டிசைன்' டேபில் ஸ்டைல் பட்டியலை முழுதாக விரித்து, உங்களுக்கு ஓரளவு ஒத்துவரும் ஒன்றின் மேல் வலது சொடுக்கு செய்து 'டூப்ளிகேட்' கொடுங்கள். வெறுமையிலிருந்து தொடங்கும் 'நியூ டேபிள் ஸ்டைல்' என்ற வழியும் உண்டு. அதில் கோடு, பட்டை, தலைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். நகலெடுத்துத் திருத்துவதே வேகம்.

திறக்கும் பெட்டியில் 13 உறுப்புகள் இருக்கும். பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது நான்கு: 'ஹோல் டேபிள்', 'ஃபர்ஸ்ட் ரோ ஸ்ட்ரைப்', 'ஹெடர் ரோ', 'டோட்டல் ரோ'. ஏற்கெனவே வடிவம் கொடுக்கப்பட்ட உறுப்புகள் தடித்த எழுத்தில் தெரியும். உறுப்பைத் தேர்ந்து 'ஃபார்மேட்' அழுத்துங்கள். தலைப்புக்குக் கரும்பச்சைப் பின்நிறம், வெள்ளைத் தடித்த எழுத்து. முதல் பட்டைக்கு மிக வெளிறிய பொன்நிறம். இரண்டாம் பட்டையைத் தொடாமல் விடுங்கள். இரண்டுக்கும் நிறம் கொடுத்தால் எண்களைப் படிக்கும் கண் சீக்கிரம் சலித்துப்போகும். 'மோர் கலர்ஸ்' வழியாக நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை எண்ணாகவே கொடுக்கலாம். நிறுவன முத்திரையை வடிவமைத்தவரிடம் அந்த மூன்று எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துப் பொருத்தினால் ஒவ்வொரு ஃபைலிலும் ஒவ்வொரு பச்சை வரும்.

கோடு போடும்போது வரிசைமுறை முக்கியம். முதலில் கோட்டின் வகை, அடுத்து நிறம், அதன் பிறகுதான் 'அவுட்லைன்' அல்லது 'இன்சைடு' பொத்தான். பொத்தானை முதலில் அழுத்திவிட்டு நிறத்தை மாற்றினால், போட்ட கோடு பழைய நிறத்திலேயே இருக்கும். 'நிறம் மாறவே மாட்டேன் என்கிறது' என்று வரும் புகார்களுக்கு இதுதான் காரணம்.

பட்டை ஒவ்வொரு வரிசைக்கும் மாற வேண்டியதில்லை. ஸ்ட்ரைப் உறுப்பைத் தேர்ந்தால் பக்கத்தில் 'ஸ்ட்ரைப் சைஸ்' என்று ஒரு கட்டம் வரும், 1 முதல் 9 வரை கொடுக்கலாம். ஒரு ஆர்டருக்கு எப்போதும் மூன்று வரிசை என்றால் இரண்டு பட்டைக்கும் 3 கொடுங்கள். வரிசை எண்ணிக்கை ஆர்டருக்கு ஆர்டர் மாறினால் இது உதவாது. அதற்கான வழி பின்னால் வேறொரு கேள்வியில் வருகிறது.

ஸ்டைலில் முதல் நெடுவரிசைக்கு நிறம் கொடுத்தும் வரவில்லையா? 'டேபிள் டிசைன்' டேபில் 'ஃபர்ஸ்ட் காலம்' கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஸ்டைல் வைத்திருக்கும், தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த டிக் முடிவு செய்யும். 'டோட்டல் ரோ', 'பேண்டட் ரோஸ்' எல்லாவற்றுக்கும் இதே கதை.

ஸ்டைலால் ஆகாதவையும் உண்டு. எழுத்துருவின் பெயரும் அளவும் அந்தப் பெட்டியில் மங்கலாகவே இருக்கும், தேர்ந்தெடுக்க முடியாது. இடது-வலது ஒழுங்கும் எண் வடிவமும் அதில் கிடையாது. ஃபைல் முழுக்க நிர்மலா யுஐ எழுத்துரு வேண்டுமானால் 'ஹோம்' டேபில் 'செல் ஸ்டைல்ஸ்' போய், 'நார்மல்' மேல் வலது சொடுக்கு செய்து 'மாடிஃபை' கொடுத்து மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் இந்த எழுத்துரு கணினியிலேயே இருப்பதால் வாங்குபவரின் கணினியிலும் அப்படியே தெரியும். ஆனால் நெடுவரிசையின் அகலமும் வரிசையின் உயரமும் 'நார்மல்' எழுத்துருவை ஒட்டியே கணக்கிடப்படுகின்றன. அதனால் இதை ஃபைல் தொடங்கும்போதே செய்துவிடுங்கள்.

எல்லாம் முடித்து ஓகே கொடுத்ததும் டேபிள் மாறாது. பதற வேண்டாம். ஸ்டைல் உருவாகியிருக்கிறது, டேபிளுக்கு இன்னும் போடவில்லை. பட்டியலின் உச்சியில் 'கஸ்டம்' என்ற பிரிவில் அது இருக்கும், சொடுக்குங்கள். அதே பெட்டியில் 'செட் ஆஸ் டீஃபால்ட்' கட்டத்தில் டிக் செய்திருந்தால், அந்த ஃபைலில் இனி போடும் டேபிள்கள் எல்லாம் அதிலேயே பிறக்கும். ஆனால் அந்த ஃபைலில் மட்டும்தான்.

இதுதான் முதலில் சொன்ன சிக்கல். சொந்த ஸ்டைல் அந்த ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, எக்செல் நிரலுக்குள் அல்ல. வேறு ஃபைலுக்குக் கொண்டுபோக இரண்டு வழி. ஏற்கெனவே இருக்கும் ஃபைலுக்கு: ஸ்டைல் போட்ட ஒரு சின்ன டேபிள் உள்ள ஷீட்டின் பெயர்மேல் வலது சொடுக்கு, 'மூவ் ஆர் காப்பி', போக வேண்டிய ஃபைலைத் தேர்ந்து 'கிரியேட் எ காப்பி' டிக். அங்கே போனதும் அந்த ஷீட்டை அழித்துவிடலாம், ஸ்டைல் மட்டும் தங்கிவிடும். இனி தொடங்கப்போகும் ஃபைல்களுக்கு: ஸ்டைலும் எழுத்துருவும் அமைத்த வெற்று ஃபைலை 'சேவ் ஆஸ்' வழியாக 'எக்செல் டெம்ப்ளேட்' வகையில் சேமியுங்கள். பிறகு 'ஃபைல்', 'நியூ', 'பர்சனல்' வழியாகத் திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும். அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் அந்த டெம்ப்ளேட்டைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதுக் கணினி வாங்கினோம். முன்பு போட்ட அதே நீல ஸ்டைலைத் தேர்ந்தால், புது ஃபைலில் ஒருவிதக் கருநீலப் பச்சையாக வருகிறது. பழைய ஃபைல்கள் சரியாகவே இருக்கின்றன. திரையில் கோளாறா?
– கூட்டுறவுச் சங்க எழுத்தர், கும்பகோணம்

திரையில் கோளாறு இல்லை. எக்செல்லின் ஸ்டைல்கள் 'இந்த நீலம்' என்று நிறத்தைச் சொல்வதில்லை. 'தீமின் முதல் நிறம்' என்றுதான் சொல்கின்றன (தீம் என்பது ஒரு ஃபைலுக்கான நிற, எழுத்துருத் தொகுப்பு). 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் அடிப்படைத் தீமை மாற்றியது. கலிப்ரி போய் ஆப்டோஸ் எழுத்துரு வந்தது, நிறங்களும் மாறின. பழைய ஃபைலுக்குள் பழைய தீம் இருப்பதால் அது பழையபடி தெரிகிறது.

'பேஜ் லேஅவுட்' டேபில் 'தீம்ஸ்' திறந்து 'ஆஃபீஸ் 2013 - 2022' என்ற தீமைத் தேர்ந்தால் பழைய நீலமும் கலிப்ரியும் திரும்பும். எழுத்துரு புதியதே இருக்கட்டும், நிறம் மட்டும் போதும் என்றால் பக்கத்தில் இருக்கும் 'கலர்ஸ்' வழியாக மாற்றுங்கள். பழைய ஃபைலிலிருந்து டேபிளை வெட்டிப் புதிய ஃபைலில் ஒட்டும்போது நிறம் மாறுவதும் இதே காரணத்தால்தான்.

கரூர் வாசகருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சொந்த ஸ்டைலில் தீம் நிறங்களைத் தேர்ந்தால் தீமோடு அவையும் மாறும். எண் கொடுத்துத் தேர்ந்த நிறம் மாறாது. நிறுவன நிறத்துக்கு இரண்டாவதே சரி.

கேள்வி: டேபிளில் தொகை 1,234,567 என்று வருகிறது. 12,34,567 என்று லட்சக் கணக்கில் வர வேண்டும். மொத்த வரிசையிலும் வேண்டும்.
– ஒப்பந்ததாரர், மதுரை

இது ஸ்டைலின் வேலை அல்ல, செல்லின் எண் வடிவம். தொகை நெடுவரிசையில் ஏதாவது ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல் விசையுடன் ஸ்பேஸ் தட்டுங்கள். ஒருமுறை தட்டினால் விவரம் மட்டும், இரண்டாம் முறை தட்டினால் தலைப்பும் மொத்தமும் சேர்ந்து தேர்வாகும். இரண்டு முறை தட்டுங்கள், மொத்தத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. பிறகு கன்ட்ரோல் + 1, 'நம்பர்' டேப், 'கஸ்டம்'. 'டைப்' கட்டத்தில் இதை அடியுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

கோடிக்கு மேல் ஒரு வடிவம், லட்சத்துக்கு மேல் ஒரு வடிவம், மற்றதெல்லாம் மூன்றாவது. பைசா வேண்டாம் என்றால் மூன்று இடத்திலும் .00-ஐ எடுத்துவிடுங்கள். இதன் குறை என்னவென்றால், ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைக்குத்தான் எக்செல் இடம் தருகிறது. கழித்தல் எண்கள் மூன்றாவதில் விழுந்து -1,234,567 என்றே நிற்கும். பாக்கி, நஷ்டம் என்று கழித்தல் தொகை நிறைய வரும் கணக்கென்றால் அடுத்த வழிதான் ஏற்றது.

விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்', 'அடிஷனல் செட்டிங்ஸ்', 'நம்பர்ஸ்' போய், 'டிஜிட் குரூப்பிங்' என்பதில் 12,34,56,789 என்ற மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். எக்செல்லின் சாதாரணக் கமா வடிவமே லட்சமாகிவிடும், கழித்தலும் சேர்த்து. ஆனால் இது கணினியின் அமைப்பு, ஃபைலின் அமைப்பு அல்ல. துபாயில் இருப்பவருக்கு அனுப்பினால் அவர் திரையில் மில்லியனாகத்தான் தெரியும். எங்கள் யோசனை: அனுப்பும் ஃபைலுக்கு முதல் வழி, உள்ளே வைத்துக்கொள்ளும் ஃபைலுக்கு இரண்டாம் வழி.

கேள்வி: ஒரு பில்லில் சில நேரம் இரண்டு பொருள், சில நேரம் பதினைந்து. பில் எண் மாறும் இடத்தில் மட்டும் கோடோ நிறமோ மாற வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று வரும் பட்டை எங்களுக்குக் குழப்பத்தையே தருகிறது.
– மருந்து மொத்த வியாபாரி, திருநெல்வேலி

டேபிள் ஸ்டைலுக்கு எண்ணத் தெரியும், படிக்கத் தெரியாது. பில் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமானால் மேல் அடுக்கான கண்டிஷனல் ஃபார்மேட்டிங்தான் வழி. முதலில் 'பேண்டட் ரோஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். பில் எண்படி சார்ட் செய்து வரிசைப்படுத்தியிருக்க வேண்டும்.

தலைப்பு 4-ஆம் வரிசையிலும் விவரம் 5-ஆம் வரிசையிலிருந்தும், பில் எண் ஏ நெடுவரிசையிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ5-இல் தொடங்கி, கீழே வலது மூலை வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். கீழிருந்து மேலே இழுக்காதீர்கள். தேர்வு எங்கே தொடங்கியதோ அந்தச் செல்லை வைத்துத்தான் எக்செல் ஃபார்முலாவைப் புரிந்துகொள்கிறது. கீழே தொடங்கினால் கோடுகள் எல்லாம் தவறான வரிசையில் விழும். இப்போது 'ஹோம்', 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', 'நியூ ரூல்', கடைசி வகையான 'யூஸ் எ ஃபார்முலா'. ஃபார்முலா:

=$ஏ5<>$ஏ4

'ஃபார்மேட்', 'பார்டர்' போய் மேல்கோடு மட்டும் போடுங்கள். எழுத்துக்கு முன்னால் டாலர் குறி இருக்க வேண்டும், எண்ணுக்கு முன்னால் இருக்கக் கூடாது. எழுத்தின் முன்னால் விட்டுவிட்டால் பி செல் பி நெடுவரிசையைப் பார்க்கும், சி செல் சி-யைப் பார்க்கும், கோடு துண்டுதுண்டாக வரும். தடித்த கோடு வேண்டும் என்று தேடாதீர்கள், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் மெல்லிய கோடுகள்தான் உண்டு. அடர்ந்த நிறம் கொடுத்தால் போதுமான அளவு எடுப்பாகத் தெரியும்.

கோடு போதாது, பில்லுக்குப் பில் நிறமே மாற வேண்டும் என்றால் அதே இடத்தில் இந்த ஃபார்முலா:

=மாட்(சம்ப்ராடக்ட்(--($ஏ$5:$ஏ5<>$ஏ$4:$ஏ4)),2)=1

மேலிருந்து இந்த வரிசை வரை பில் எண் எத்தனை முறை மாறியது என்று எண்ணி, ஒற்றைப்படை என்றால் நிறம் பூசும். அழகாக வரும். ஆனால் கீழே போகப்போக ஒவ்வொரு செல்லும் மேலே உள்ள எல்லா வரிசைகளையும் எண்ணுகிறது. சில நூறு வரிசைக்குப் பிரச்சினை இல்லை, பல ஆயிரம் ஆனால் ஃபைல் இழுக்க ஆரம்பிக்கும். உங்களைப் போன்ற மொத்த வியாபாரக் கணக்குக்குக் கோடே போதும் என்பது எங்கள் கருத்து.

தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயம். ஃபில்டர் போட்டு ஒரு பில்லின் முதல் வரிசை மறைந்துவிட்டால், அந்தப் பில்லுக்குக் கோடு வராது. ஃபார்முலா மறைந்த வரிசையோடுதான் ஒப்பிடுகிறது. இன்னொன்று, டேபிளுக்குள் வரிசைகளை வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தால் இந்த விதி துண்டாகி, ஒரே விதி இருபது நகலாகப் பெருகும். ஒட்டும்போது 'பேஸ்ட் வேல்யூஸ்' பழகிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பெருகிவிட்டதென்றால் 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து, மேலே 'திஸ் டேபிள்' தேர்ந்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். மிஞ்சியதன் 'அப்ளைஸ் டு' கட்டத்தில் முழு எல்லையையும் மறுபடி குறியுங்கள்.

கேள்வி: மதிப்பெண் பட்டியலில் 'முதல் தவணை', 'இரண்டாம் தவணை' என்று மேலே ஒரு தலைப்பும், அதன் கீழே பாடங்களும் வர வேண்டும். மெர்ஜ் பொத்தான் மங்கலாக இருக்கிறது.
– ஆசிரியை, மட்டக்களப்பு

டேபிளுக்குள் செல்களை ஒன்றிணைக்க எக்செல் விடாது. தலைப்பும் ஒரே வரிசைதான், அதிலும் ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது. இரண்டாம் 'கணிதம்' தானாகவே 'கணிதம்2' ஆகிவிடும். ஆகவே பெயர்களை 'கணிதம் த1', 'கணிதம் த2' என்று பிரித்து வையுங்கள். நீளமாக இருந்தால் ஆல்ட் + என்டர் தட்டி இரண்டு அடியாக உடையுங்கள்.

தவணைத் தலைப்பை டேபிளுக்கு நேர் மேலே, டேபிளுக்கு வெளியே உள்ள வரிசையில் எழுதுங்கள். அங்கேயும் மெர்ஜ் வேண்டாம். முதல் பாடத்தின் மேலே எழுதிவிட்டு, கடைசிப் பாடம் வரை தேர்ந்து, கன்ட்ரோல் + 1, 'அலைன்மென்ட்', 'ஹாரிஸான்டல்' பட்டியலில் 'சென்டர் அக்ராஸ் செலக்ஷன்'. பார்வைக்கு மெர்ஜ் போலவே இருக்கும், நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது தொல்லை தராது. பின்நிறத்தை டேபிளின் தலைப்பு நிறத்திலேயே கொடுத்தால் ஒட்டுத் தெரியாது.

பிறகு டேபிளுக்குள் ஒரு பாடத்தை நடுவில் சேர்த்தால் டேபிள் மட்டும்தான் நகரும், மேலே உள்ள தவணைத் தலைப்பு நகராமல் பொருந்தாமல் போகும். டேபிளின் நெடுவரிசையைச் சேர்க்காமல், ஷீட்டின் மேலே உள்ள ஆங்கில எழுத்தின் மேல் வலது சொடுக்கு செய்து முழு நெடுவரிசையாகச் சேருங்கள். இரண்டும் சேர்ந்து நகரும்.

மதிப்பெண் தலைப்புகளை வலப்பக்கம் ஒதுக்கினால் ஃபில்டர் அம்பு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'இன்க்ரீஸ் இன்டென்ட்' ஒன்றிரண்டு முறை அழுத்துங்கள், அல்லது 'ஃபில்டர் பட்டன்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடைசி வரிசைக்குக் கீழே அடித்தால் முன்பு டேபிள் தானாக நீளும், பட்டையும் வரும். இப்போது வெறும் வெள்ளையாக நிற்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மூன்று இடத்தில் பாருங்கள். ஷீட்டுக்குப் பாதுகாப்புப் போட்டிருந்தால் டேபிள் நீளாது, 'ரிவ்யூ' டேபில் 'அன்புரொடெக்ட் ஷீட்' கொடுங்கள். மொத்த வரிசை போட்டிருந்தால் அதற்குக் கீழே அடிப்பது டேபிளில் சேராது, கடைசி விவரச் செல்லில் நின்று டேப் விசையைத் தட்டினால் மொத்தத்துக்கு மேலே புது வரிசை திறக்கும். இரண்டும் இல்லையென்றால் யாரோ அமைப்பை அணைத்திருக்கிறார்கள்: 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ப்ரூஃபிங்', 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்', 'ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்', அங்கே 'இன்க்ளூட் நியூ ரோஸ் அண்ட் காலம்ஸ் இன் டேபிள்' டிக்.

ஏற்கெனவே வெளியே அடித்துவிட்ட வரிசைகளை உள்ளே இழுக்க, டேபிளின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மொத்த வரிசை இருந்தால் முதலில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி தட்டி அதை அணைத்துவிட்டு இழுக்க வேண்டும் (டேபிள் என்ற சொல்லின் முதல் எழுத்தான டி). நடுவே பழைய மொத்தம் இருந்த காலி வரிசையை அழித்துவிட்டு, அதே விசைகளைத் தட்டி மொத்தத்தைத் திரும்ப வரவழைக்கலாம்.

கேள்வி: திரையில் நன்றாக இருக்கும் டேபிள், அச்செடுத்து ஜெராக்ஸ் போட்டால் அழுக்காகத் தெரிகிறது. இரண்டாம் பக்கத்தில் தலைப்பும் இல்லை.
– குடியிருப்போர் சங்கச் செயலர், சென்னை

தலைப்பு: திரையில் கீழே போகும்போது ஏ, பி, சி இருக்கும் இடத்தில் டேபிளின் தலைப்பு வந்து நிற்பதைப் பார்த்து, அச்சிலும் வரும் என்று நினைத்துவிடுகிறோம். வராது. 'பேஜ் லேஅவுட்', 'பிரின்ட் டைட்டில்ஸ்', 'ரோஸ் டு ரிபீட் அட் டாப்' கட்டத்தில் தலைப்பு வரிசையைச் சொடுக்குங்கள். இதே பெட்டியை அச்சு முன்னோட்டத் திரையிலிருந்து திறந்தால் அந்தக் கட்டம் மங்கலாக இருக்கும். ஷீட்டுக்குத் திரும்பி வந்து திறங்கள்.

அழுக்கு: இளநீலப் பட்டையைக் கறுப்பு-வெள்ளை அச்சுப்பொறி சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் அச்சிடும். ஜெராக்ஸ் அந்தப் புள்ளிகளை இன்னும் கறுப்பாக்கிவிடும். அதற்கு இரண்டு தீர்வு. அதே பெட்டியில் 'ஷீட்' டேபில் 'பிளாக் அண்ட் வொயிட்' டிக் செய்தால் பின்நிறம் எதுவும் அச்சாகாது, வெள்ளை எழுத்துத் தலைப்பும் கறுப்பு எழுத்தாக வரும், திரையில் நிறம் அப்படியே இருக்கும். நோட்டீஸ் பலகைக்கு இதுவே போதும். மாதாமாதம் ஜெராக்ஸுக்கென்றே எடுக்கும் பட்டியல் என்றால், 'லைட் 15' ஸ்டைல் போட்டுப் 'பேண்டட் ரோஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். கட்டம் கட்டமாகக் கோடு மட்டும் நிற்கும்.

அகலம் பக்கத்தை மீறினால் 'பேஜ் லேஅவுட்' டேபில் 'விட்த்' 1 பேஜ், 'ஹைட்' ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் 1 கொடுத்துவிட்டு எழுத்து எறும்பளவு ஆனதே என்று வருந்தக் கூடாது. ஷீட்டில் வேறு குறிப்புகளும் இருந்து டேபிள் மட்டும் அச்சாக வேண்டுமென்றால், கர்சரை டேபிளுக்குள் வைத்துக் கன்ட்ரோல் + பி கொடுத்து, முதல் பட்டியலில் 'பிரின்ட் செலக்டட் டேபிள்' தேர்ந்தெடுங்கள். ஃபில்டர் அம்புகள் எப்படியும் அச்சில் வராது.

கேள்வி: நிறம் மட்டும் போதும், டேபிள் வேண்டாம் என்று 'கன்வர்ட் டு ரேஞ்ச்' கொடுத்தேன். சார்ட் செய்ததும் பட்டைகள் கலைந்துவிட்டன.
– கல்லூரி மாணவர், கோவை

ரேஞ்ச் (டேபிள் அல்லாத சாதாரணச் செல்கள்) ஆனதும் பட்டைகள் சாதாரணச் சாயமாகச் செல்லில் உறைந்துவிடும். சார்ட் செய்தால் செல்லோடு சாயமும் நகரும். டேபிளாகவே வைத்துக்கொண்டு ஃபில்டர் அம்புகளை மட்டும் அணைப்பதே நல்லது. கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றும் முன் ஸ்டைல் பட்டியலின் அடியில் உள்ள 'கிளியர்' கொடுத்து நிறத்தை எடுத்துவிட்டு மாற்றுங்கள். பிறகு தேவையானதைக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: அலுவலகத்தில் எக்செல், வீட்டில் லிப்ரே ஆஃபீஸ். வீட்டில் திறந்தால் டேபிளின் பட்டைகள் காணாமல் போகின்றன.
– நூலகர், யாழ்ப்பாணம்

லிப்ரே ஆஃபீஸ் கால்க்கின் பெரும்பாலான பதிப்புகள் எக்செல்லின் டேபிள் ஸ்டைலைக் காட்டுவதில்லை. கையால் பூசிய நிறமும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கும் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேண்டுமானால் டேபிள் ஸ்டைலை விட்டுவிட்டு, பட்டையைக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் போடுங்கள். ஏ2-இலிருந்து விவரம் தொடங்குகிறது, ஏ நெடுவரிசையில் காலிச் செல் இல்லை என்றால்:

=மாட்(சப்டோட்டல்(3,$ஏ$2:$ஏ2),2)=0

இதை எக்செல்லிலேயே போட்டு அனுப்பலாம். ஃபில்டர் போட்டாலும் மிஞ்சிய வரிசைகளில் பட்டை ஒழுங்காக மாறும், ஏனென்றால் சப்டோட்டல் ஃபில்டரில் மறைந்தவற்றை எண்ணுவதில்லை.

கால்க்கிலேயே போடுவதென்றால் 'ஃபார்மேட்', 'கண்டிஷனல்', 'கண்டிஷன்' போய், 'ஃபார்முலா இஸ்' தேர்ந்து, சமக்குறி இல்லாமல் அதே ஃபார்முலா. அங்கே நிறத்தை நேரடியாகக் கேட்காது, ஒரு செல் ஸ்டைலைக் கேட்கும். 'நியூ ஸ்டைல்' கொடுத்துப் பின்நிறத்தை அதில் வையுங்கள். கால்க்கின் 'ஆட்டோஃபார்மேட் ஸ்டைல்ஸ்' என்பது வேறு. குறைந்தது 3 வரிசை, 3 நெடுவரிசை தேர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும், அதுவும் ஒருமுறை பூசிவிட்டுப் போகும் சாயம்தான். புது நூல்களைப் பதியப் பதிய, மறுபடி மறுபடி பூச வேண்டியிருக்கும்.